மணற்கல்லின் பூர்வீகம்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுத்தும் சிவந்தும் கிடக்கிறது. அதே கரையோரமாகக் கொஞ்சம் தள்ளிப் போனால் வழக்கமான வெளிர்மணல். இரண்டுக்கும் மூலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகள்தான். ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட மணல் ஏன் இப்படி இரு வேறு முகம் காட்டுகிறது என்று கேட்டால், இங்கே மலையும் ஆறும் கடலும் கண்ணெதிரே இருப்பதால் விடை தேடுவது கடினமில்லை. மலையே இல்லாமற்போன இடங்களில்தான் சிக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஆற்றின் மணல் இறுகி மணற்கல்லாகி நிற்கும். அது உடைந்து வந்த மலையோ தேய்ந்து தரையோடு தரையாகியிருக்கும். அல்லது கண்டம் பிளந்தபோது வேறு கண்டத்தோடு விலகிப் போயிருக்கும். அந்த மலை எந்தப் பாறையால் ஆனது, அது எரிமலைத் தீவா, மோதிக்கொண்ட இரு கண்டங்களுக்கு இடையே எழுந்த மலைத்தொடரா என்ற கேள்விகளுக்கு மணற்கல்லின் வேதியியலிலிருந்து விடை தேடுவது கடந்த அரை நூற்றாண்டில் நிலவியலின் தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

வேதியியலுக்கு முன்னால் வந்தது நுண்ணோக்கி. மணற்கல்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்த்தால் ஒளி ஊடுருவும். பொட்டாசியம் உள்ள ஃபெல்ட்ஸ்பாரை அடையாளம் காண, தகட்டை ஹைட்ரோஃபுளோரிக் அமில ஆவியில் காட்டி, சோடியம் கோபால்ட்டிநைட்ரைட் கரைசலில் நனைப்பார்கள்; அந்தக் கனிமம் மட்டும் மஞ்சளாகும். பிறகு தகட்டைச் சீரான இடைவெளியில் நகர்த்தி, குறுக்குக் கம்பியின் அடியில் வருவது குவார்ட்ஸா, ஃபெல்ட்ஸ்பாரா, பாறைத் துணுக்கா என்று முன்னூறு, நானூறு புள்ளிகள்வரை எண்ணுவார்கள். பொறுமை கேட்கும் வேலை. டிக்கின்சனும் சுக்செக்கும் 1979இல் இந்த மூன்றின் விகிதத்தை ஒரு முக்கோண வரைபடத்தில் குறித்து, உலகின் மணல்கள் மூன்று பெரும் கூட்டங்களாகப் பிரிவதைக் காட்டினார்கள். பழைய கண்டங்களின் உட்பகுதியிலிருந்து வரும் மணலில் குவார்ட்ஸ் மேலோங்கும். எரிமலைத் தொடர்களிலிருந்து வருவதில் ஃபெல்ட்ஸ்பாரும் எரிமலைப் பாறைத் துணுக்குகளும் மிகும். மடிந்து எழுந்த மலைத்தொடர்களின் மணலில் குவார்ட்ஸோடு பழைய படிவுப் பாறைகளின் துணுக்குகள் வரும்.

இந்த முறைக்கு ஓர் இடையூறு உண்டு. மண்ணுக்குள் பல கிலோமீட்டர் ஆழம் புதையும்போது மென்மையான பாறைத் துணுக்குகள் நசுங்கி, துகள்களுக்கு இடையே களிம்பாகப் பரவிவிடும். ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறிவிடும். கண்ணால் எண்ணுவதற்குத் துகளே இருக்காது. ஆனால் துகள் உருவழிந்தாலும் அதிலிருந்த தோரியமும் ஸ்காண்டியமும் பெரும்பாலும் அந்தக் கல்லுக்குள்ளேயே தங்கியிருக்கும். கல்லை மொத்தமாகப் பொடித்து அதன் தனிமங்களை அளக்கும் வழி இந்த நம்பிக்கையில் பிறந்தது.

பொடிப்பதும் லேசான காரியமன்று. டங்ஸ்டன் கார்பைடு ஆலையில் அரைத்தால் கல்லுக்குள் இல்லாத டங்ஸ்டனும் கோபால்ட்டும் ஆலையிலிருந்தே கலந்துவிடும். கோபால்ட்டை அளக்க நினைப்பவர் அகேட் கல்லாலான கலத்தைத் தேட வேண்டும். சிலிக்கா, அலுமினா, இரும்பு முதலிய முதன்மை ஆக்சைடுகளை எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் அளப்பார்கள். பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் இருக்கும் தனிமங்களுக்கு, பொடியைக் கரைத்துப் பிளாஸ்மா நிறை நிறமாலைமானியில் செலுத்துவார்கள். சிர்கான் என்ற கனிமம் சாதாரண அமிலக் கலவையில் முழுமையாகக் கரையாது. அது அடியில் தங்கிவிட்டால் சிர்க்கோனியம், ஹாஃப்னியம் ஆகியவற்றின் அளவு பொய்யாகக் குறைந்து வரும். அதனால் பொடியை முதலில் லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கண்ணாடியாக்கிவிட்டுப் பிறகு கரைப்பது வழக்கம். இத்தனை கவனமும் இல்லாமல் வந்த எண்களை வைத்துக்கொண்டு மலைகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எண்கள் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மலையை அன்று, மழையை. பாறை சிதையும்போது சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை நீரில் கரைந்து வெளியேறும். அலுமினியம் களிமண்ணில் தங்கிவிடும். கனடாவின் நெஸ்பிட், யங் இருவரும் 1982இல் இதை ஒரே எண்ணில் அடக்கினார்கள். ஓடிப்போகும் மூன்று ஆக்சைடுகளோடு அலுமினாவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் அலுமினாவின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேதிச் சிதைவுச் சுட்டெண். சிதையாத ஃபெல்ட்ஸ்பாருக்கு 50. சராசரிக் களிப்பாறைக்கு 70 முதல் 75. எல்லாம் கரைந்துபோய் மிஞ்சிய கயோலின் களிமண்ணுக்கு 100. கணக்கில் சேர்க்க வேண்டிய கால்சியம் சிலிக்கேட்டுக் கனிமங்களில் உள்ளது மட்டுமே. மணற்கல்லைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்பின் கால்சியத்தையும் சேர்த்துவிட்டால் சுட்டெண் தாழ்ந்து, கல் சிதையவே இல்லை என்ற தோற்றம் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு: இந்தச் சுட்டெண் களிப்பாறைகளுக்காகப் பிறந்தது. ஆறு தன் களிமண்ணைத் தொலைவுக்கு எடுத்துப் போய்விட்டு ஃபெல்ட்ஸ்பாரை மணலோடு விட்டுச்செல்வதால், ஒரே ஆற்றின் மணல் தாழ்ந்த எண்ணையும் சேறு உயர்ந்த எண்ணையும் தரும். மணற்கல்லில் மட்டும் இதை அளந்துவிட்டு அக்காலத் தட்பவெப்பத்தைத் தீர்மானிப்பது அவசரம்.

கரைந்து ஓடும் தனிமங்கள் மழையைப் பற்றிச் சொல்கின்றன என்றால், கரையாதவை மூலப்பாறையைப் பற்றிச் சொல்கின்றன. தோரியமும் ஸ்காண்டியமும் இதற்குச் சரியான இணை. பாறைக்குழம்பு குளிரும்போது ஸ்காண்டியம் பைராக்சீன் போன்ற கருநிறக் கனிமங்களுக்குள் முதலிலேயே புகுந்துவிடும். தோரியம் எந்த முதன்மைக் கனிமத்திலும் இடம் கிடைக்காமல் குழம்பிலேயே தங்கி, கடைசியாக உறையும் கிரானைட்டில் சேரும். கண்ட மேலோட்டின் மேற்பகுதியில் இந்த இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கின்றன. கடலடி பசால்ட்டில் தோரியம், ஸ்காண்டியத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. இரண்டுமே நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே மலையில் இருந்த விகிதம் கிட்டத்தட்ட அப்படியே மணலுக்கு வந்து சேர்கிறது. குரோமியமும் நிக்கலும் சேர்ந்து மிகுந்திருந்தால், புவியின் மூடகப் பாறைகளோ பெயர்ந்து வந்த கடலடித் தரையோ அருகில் எங்கேயோ மலையாக நின்றிருக்க வேண்டும்.

இவற்றைவிட நுட்பமாகப் பேசுபவை அருமண் தனிமங்கள். லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15. புரோமீத்தியம் இயற்கையில் அளக்கும்படி கிடைப்பதில்லை என்பதால் கணக்குக்கு வருவது 14. இரட்டைப்படை அணு எண் உள்ளவை எங்கும் மிகுதி, ஒற்றைப்படை குறைவு. நேரடியாக வரைந்தால் வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். ஒவ்வொன்றையும் விண்கல்லில் உள்ள அளவால் வகுத்துவிட்டால் ஏற்ற இறக்கம் மறைந்து வழவழப்பான கோடு கிடைக்கும். எடை குறைந்தவை பாறைக்குழம்பில் தங்க விரும்புவதால், பலமுறை உருகி உருகிச் செறிந்த கண்ட மேலோட்டில் அவை மிகுந்து, கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரியும்.

அந்தக் கோட்டின் நடுவே யூரோப்பியம் மட்டும் பள்ளமாக விழுவதைக் காணலாம். மற்றவை எல்லாம் மூன்று எலக்ட்ரான்களை இழந்த அயனிகளாக இருக்க, ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் யூரோப்பியத்தின் ஒரு பகுதி இரண்டை மட்டும் இழந்து நிற்கும். அப்போது அது பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரில் கால்சியத்தின் இடத்தில் அமர்ந்துகொள்ளும். கண்ட மேலோட்டின் அடிப்பகுதி உருகும்போது பிளேஜியோகிளேஸ் உருகாமல் கீழேயே நிற்க, யூரோப்பியமும் அதோடு நின்றுவிடுகிறது. மேலே ஏறி வந்து கிரானைட்டாக உறைந்த குழம்பில் அது குறைவு. புவி மூடகத்திலிருந்து நேராக வரும் எரிமலைக் குழம்பு உருவாகும் ஆழத்தில் பிளேஜியோகிளேஸ் நிலைத்திருக்காது. அதனால் அதில் பள்ளமும் இல்லை. எதிர்பார்க்கும் அளவில் எத்தனை பங்கு யூரோப்பியம் உண்மையில் இருக்கிறது என்று பார்த்தால், இன்றைய கண்ட மேலோட்டின் மேற்பகுதிக்குச் சுமார் 0.65 வரும். இளம் எரிமலைத் தீவுகளின் மணலுக்கு 1ஐ ஒட்டி வரும். டெய்லரும் மெக்லென்னனும் 1985இல் வெளியிட்ட கண்ட மேலோடு பற்றிய நூலில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெரும்பாலான படிவுப் பாறைகளில் இந்தப் பள்ளம் இல்லை அல்லது மிகச் சிறியது என்பதைச் சுட்டி, கண்டங்களின் உருவாக்க முறையே அக்காலத்தில் மாறியது என்று வாதிட்டார்கள். ஒரு தனிமத்தின் குறைவிலிருந்து இவ்வளவு பெரிய முடிவுக்குப் போக முடிந்தது இந்தத் துறையின் அழகான சாதனைகளில் ஒன்று.

தொடக்கத்தில் பார்த்த மணவாளக்குறிச்சி மணலின் நிறத்துக்கு இனி விளக்கம் சொல்லலாம். கறுப்புக்குக் காரணம் இல்மனைட், சிவப்புக்குக் கார்னெட். கூடவே சிர்கானும் மோனசைட்டும் உண்டு. எல்லாமே குவார்ட்ஸைவிடக் கனமானவை. முறத்தில் அரிசியைப் புடைக்கும்போது உமி முன்னே பறக்க மணி பின்னே தங்குவதுபோல, கரையேறித் திரும்பும் அலை இலேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு கனத்ததை விட்டுச்செல்கிறது. மலை மாறவில்லை, அலை வகைபிரித்ததில் மணலின் வேதியியல் மாறிவிட்டது. மோனசைட் தோரியத்தையும் எடை குறைந்த அருமண் தனிமங்களையும் ஏராளமாகச் சுமப்பது. அப்படி ஒரு மணல் கல்லாகி, இடமறியாத ஆய்வாளர் கையில் ஒரு துண்டு கிடைத்தால், தோரியம் குவிந்த வினோதமான கிரானைட்டு மலை ஒன்றை அவர் கற்பனை செய்துகொள்ளக்கூடும். இதற்குத் தடுப்பாகச் சிர்க்கோனியத்துக்கும் ஸ்காண்டியத்துக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தோரியம்–ஸ்காண்டியம் விகிதம் அதிகம் மாறாமல் சிர்க்கோனிய விகிதம் மட்டும் எகிறினால், அது மூலப்பாறையின் குணமன்று. சிர்கான் துகள்கள் குவிந்திருக்கின்றன, அல்லது பழைய மணற்கல் உடைந்து மீண்டும் மணலாகி வந்திருக்கிறது.

மூலப்பாறையிலிருந்து புவித்தட்டுகளின் அமைப்புக்குத் தாவுவது அடுத்த படி. தட்டு ஒன்று மற்றொன்றின் அடியில் புகும் இடத்தில் எரிமலைகள் எழும், எரிமலைகள் பசால்ட்டையும் ஆண்டிசைட்டையும் தரும், அவை மணலாகும். தட்டு விளிம்பு எதுவும் அருகில் இல்லாத அமைதியான கண்ட ஓரத்தில் பழைய கிரானைட்டும் நைஸும் மெல்லத் தேய்ந்து குவார்ட்ஸ் மிகுந்த மணலைத் தரும். இந்தச் சங்கிலியைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போக முடியும் என்று பாட்டியா 1983இல் கிழக்கு ஆஸ்திரேலியாவின் பழைய மணற்கற்களைக் கொண்டு காட்டினார். கடல்நடுத் தீவு எரிமலைத் தொடர், கண்ட அடித்தளத்தின் மேல் எழும் எரிமலைத் தொடர், செயல்படும் கண்ட விளிம்பு, அமைதி விளிம்பு என்று நான்கு வகை வகுத்தார். அந்த வரிசையில் சிலிக்காவின் சராசரி சுமார் 59 விழுக்காட்டிலிருந்து 82 வரை ஏறியது. இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த அளவு சுமார் 12 விழுக்காட்டிலிருந்து 3க்கு இறங்கியது. நியூசிலாந்தின் ரோசரும் கோர்ஷும் 1986இல் இன்னும் எளிய படம் ஒன்றை வரைந்தார்கள். ஓர் அச்சில் சிலிக்கா, மற்றதில் பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதம், மூன்றே பகுதிகள். எளிமையாக இருந்ததால் அது உலகெங்கும் பரவியது. மணற்கல் பற்றிய ஆய்வேடுகளில் அந்தப் படம் இல்லாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் தென்முனையில் கூடங்குளம் பகுதியில் உள்ள மயோசீன் காலத்துக் கடைக்கூற்று மணற்கற்களைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வு இந்த முறையை நன்றாக விளக்கும். அந்தக் காலத்தில், அதாவது சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தக் கரை அமைதி விளிம்பாக இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அண்டார்க்டிகா பிரிந்து போய் வெகு காலமாகியிருந்தது. விடை தெரிந்த கணக்கில் ஒரு முறையைச் சோதிப்பது நல்ல பழக்கம். குவார்ட்ஸ் மிகுந்திருந்தது. பொட்டாசியம் சோடியத்தைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேல். இரும்பும் மக்னீசியமும் சேர்ந்து 2.7 விழுக்காடு அளவில். இரண்டும் அமைதி விளிம்புக்குப் பொருந்துகின்றன. தோரியம்–ஸ்காண்டியம் விகிதம் சுமார் 1.9, யூரோப்பியப் பங்கு சுமார் 0.5, மூலம் கிரானைட்டு வகைப் பாறைகளே. சிதைவுச் சுட்டெண் சராசரி 44.5தான். குவார்ட்ஸ் மிகுந்த கல்லுக்கு இது தாழ்வான எண். மணற்கல்லில் இந்தச் சுட்டெண்ணைத் தனியாக நம்பக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாகவும் இதைக் கொள்ளலாம். நிக்கல் எதிர்பாராத அளவு மிகுந்திருந்தது. மூடகப் பாறையோ என்ற சந்தேகம் எழும்தான். ஆனால் அதோடு வர வேண்டிய குரோமியமும் கோபால்ட்டும் வனேடியமும் ஏறவில்லை. அதனால் அந்த ஆய்வாளர்கள் மலையைத் தேடாமல், கல்லுக்குள்ளே உள்ள பைரைட்டோ வழியில் பிரிந்துபோன கார்னெட்டோ காரணமாகலாம் என்றார்கள். ஒற்றைத் தனிமத்தை நம்பாமல் கூட்டத்தை நம்பும் இந்தப் பழக்கம் இந்தத் துறையில் கட்டாயம்.

நிக்கலும் குரோமியமும் சேர்ந்தே ஏறிய இடமும் இந்தியாவில் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் சிம்லா போகும் வழியில் உள்ள சுபாத்து, டாக்‌ஷாய், கசௌலி ஊர்களின் பெயர்களையே அங்குள்ள பாறை அடுக்குகளுக்கும் வைத்திருக்கிறார்கள். அடியில் உள்ள சுபாத்து, ஆழமற்ற கடலில் படிந்தது. அதில் குரோமியம் செறிந்த ஸ்பினெல் துகள்கள் கிடைக்கின்றன. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே இருந்த கடலின் அடித்தரை பெயர்ந்து மேலேறி, அப்போதே தேய்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அது சான்று. அதற்கு மேலுள்ள டாக்‌ஷாய், கசௌலி அடுக்குகளில் உருமாறிய பாறைகளின் துணுக்குகள் வருகின்றன. கடலடித் தரை பின்னணிக்குப் போய், எழும் இமயத்தின் உடலே மணலைத் தரத் தொடங்கிவிட்டது.

இந்த வெற்றிகளால் தட்டமைப்பு வரைபடங்களுக்கு அளவுக்கு மீறிய மதிப்பு வந்துவிட்டது. மூலப்பாறையைச் சொல்வதில் வேதியியல் வலுவானது. தட்டமைப்பைச் சொல்வதில் அது பலவீனமானது. காரணம் எளிது. மணல் தான் பிறந்த இடத்தின் அமைப்பைச் சுமக்கிறது. படிந்த இடத்தின் அமைப்பை அன்று. கங்கையும் பிரம்மபுத்திராவும் இரு கண்டங்கள் மோதிய இமயத்தின் மணலைக் கொண்டுபோய் வங்காள விரிகுடாவில் கொட்டுகின்றன. இந்தியாவின் கிழக்குக் கரையோ அமைதி விளிம்பு. நாளை அந்த மணல் கல்லானால் எந்தப் பெயரைப் பெறும்? தட்பவெப்பமும் குறுக்கிடும். தென் அமெரிக்காவின் ஓரினோக்கோ படுகையில், வெப்பமண்டல மழையில் மூலப்பாறை மிகக் கடுமையாகச் சிதைந்து, ஒரே சுற்றில் கிட்டத்தட்டத் தூய குவார்ட்ஸ் மணல் உருவாவதை 1988இல் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். பலமுறை சுழன்ற மணல்தான் தூய குவார்ட்ஸாகும் என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. புதைந்த பின்னும் மாற்றம் நிற்பதில்லை. ஃபெல்ட்ஸ்பாரில் கால்சியம் போய்ச் சோடியம் ஏறும். களிமண்ணில் பொட்டாசியம் ஏறும். ரோசர்–கோர்ஷ் படத்தின் ஓர் அச்சே இந்த இரு தனிமங்களால் ஆனது.

கணக்கிலும் ஒரு பொறி இருந்தது. விழுக்காடுகளின் கூட்டுத்தொகை 100 என்பதால், குவார்ட்ஸ் சேர்ந்து சிலிக்கா ஏறினாலே இரும்பும் அலுமினாவும் டைட்டேனியமும் ஒரு காரணமும் இல்லாமல் இறங்கும். வரைபடத்தில் அது அழகான நேர்கோட்டு உறவாகத் தெரியும்; இயற்கையில் அப்படி ஓர் உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. புள்ளியியலாளர் ஜான் எய்ட்சிசன் 1980களில் இதற்குத் தீர்வு தந்தார்: தனித்தனி விழுக்காடுகளை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று உள்ள விகிதங்களின் மடக்கையை எடுப்பது. ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரினும் வர்மாவும் 2005இல் தட்டமைப்பு நன்கு தெரிந்த, அண்மைக்காலப் படிவுகளை எடுத்துப் பழைய ஆறு வரைபடங்களில் இட்டுப் பார்த்தபோது, பெரும்பாலும் பாதியளவுக்குக்கூடச் சரியான விடை வரவில்லை. அதே இருவர் 2013இல் மடக்கை விகிதங்களைக் கொண்டு புதிய வரைபடங்களை அமைத்தார்கள். சிலிக்கா மிகுந்த படிவுகளுக்கு ஒன்று, குறைந்தவற்றுக்கு ஒன்று. எரிமலைத் தொடர், கண்டப் பிளவு, கண்ட மோதல் என்று மூன்றே வகை. பழையவற்றைவிட இவை மேல் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கங்கை மணலின் சிக்கலை எந்தக் கணக்கும் தீர்த்துவைக்காது. அதற்கு மணல் வந்த வழியை வேறு சான்றுகளால் அறிய வேண்டும்.

அந்த வேறு சான்றுகளில் இன்று முன்னணியில் நிற்பது சிர்கான் வயது. சிர்கானுக்குள் யுரேனியம் ஈயமாகச் சிதையும் அளவைக் கொண்டு, ஒவ்வொரு துகளும் எப்போது பாறைக்குழம்பிலிருந்து உறைந்தது என்று அளக்கலாம். ஒரு மணற்கல்லிலிருந்து நூறு துகள்களுக்கு மேல் எடுத்து வயதுகளைப் பட்டியலிட்டால், எந்தெந்த மலைகள் பங்களித்தன என்பது பெரும்பாலும் தெளிவாகும். எரிமலைத் தொடரின் அருகே படிந்த மணலில், படிவின் வயதையே ஒட்டிய இளம் சிர்கான்கள் மிகுந்திருக்கும். அமைதி விளிம்பில் எல்லாமே மிகப் பழையவையாக இருக்கும். மொத்த வேதியியலுக்கு எட்டாத செய்தி இது. ஆனால் சிர்கான் கிரானைட்டில் ஏராளம். பசால்ட்டிலும் மூடகப் பாறையிலும் அரிது. மலையில் பாதி பசால்ட்டாக இருந்தாலும் சிர்கான் பட்டியலில் கிரானைட்டு மட்டுமே தலைகாட்டும். அந்தப் பாதி இருந்ததை ஸ்காண்டியம், குரோமியம், யூரோப்பியம் ஆகியவற்றின் அளவுகளைக் கொண்டுதான் அறிய முடியும். அதனால் ஒரே கல்லை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைச் சிர்கான் பிரிக்கவும் மறு பாதியை மொத்தமாகப் பொடித்துத் தனிமங்களை அளக்கவும் அனுப்புவதே இப்போது நடைமுறை.